ஸ்பீக்கரைத் திட்டும் முன் தந்தியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்யாண விருந்துகளில் இசைக்குழுவின் பேஸ் சத்தம் நெஞ்சை இடிக்கிறது, பாட்டே காதில் விழுவதில்லை என்று வாசகர் ஒருவர் இந்தப் பகுதியில் எழுதியிருந்தார். உண்மைதான். ஆனால் அவர் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவரை மட்டும் பிடித்து உலுக்கிவிட்டார். அந்தக் கீழ்ச்சுரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டாரில் என்ன தந்தி மாட்டியிருக்கிறது என்று யாருமே கேட்பதில்லை.

நான் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை ஆலையில் ஃபிட்டர். சனி, ஞாயிறுகளில் உள்ளூர்க் குழுவில் பேஸ் வாசிக்கிறேன். தோட்டத்துப் பையன்கள் பலர் இப்போது பேஸ் பக்கம் வருகிறார்கள், சந்தோஷம். ஈப்போவுக்குப் போய் ஒரு கிட்டாரை நாள் முழுக்கத் தட்டிப் பார்த்து வாங்குகிறவன், தந்தி என்று வந்ததும் "எதுவா இருந்தாலும் ஓகே பாஸ்" என்று சொல்லிவிடுகிறான். கைக்கு வருவது பெரும்பாலும் நிக்கல் பூசிய ரவுண்ட்வவுண்ட், .045 முதல் .105 அங்குலத் தடிமன் வரையிலான செட்.

அது கெட்ட தந்தி இல்லை. நடுக்கம்பி மேல் உருண்டைக் கம்பியைச் சுற்றியிருப்பார்கள். புதிதாக இருக்கும்போது கணீரென்று பேசும். 1960-களில் இங்கிலாந்தின் ரோட்டோசவுண்ட் நிறுவனமும் தி ஹூ ராக் குழுவின் பேஸ் வாசிப்பாளர் ஜான் என்ட்விசிலும் சேர்ந்து பிரபலமாக்கிய சத்தம் அது. சிக்கல் என்னவென்றால், சுற்றுக்கு இடையில் பள்ளம் இருக்கிறது. நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வையும் தோல் அழுக்கும் அதில் போய் அடைந்துகொள்ளும். தந்தியின் எடை ஒரு இடத்தில் கூடி, ஒரு இடத்தில் குறைந்து, கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிகளான ஃபிரெட்டுகளில் மேலே போகப் போகச் சுருதி விலகும். அடிநாதத்தோடு சேர்ந்து அதற்கு மேலே ஒலிக்கும் மேலொலிகளும் செத்துவிடும்.

பேஸின் மிகத் தடித்த தந்தியான ஈ (E) தந்தியின் அடிநாதம் சுமார் 41 ஹெர்ட்ஸ். அவ்வளவு கீழே நம் காது சுரத்தைத் துல்லியமாகப் பிடிப்பதில்லை. மேலொலிகளை வைத்துத்தான் இது என்ன சுரம் என்று கண்டுகொள்கிறோம். அவை செத்த தந்தியில் என்ன வாசித்தாலும் தெளியாது. வாசிப்பவர் உடனே ஆம்ப்ளிஃபயரில் பேஸ் குமிழைத் திருகுவார். தகரக் கூரையும் டைல்ஸ் தரையுமாக இருக்கும் மண்டபத்தில் அப்புறம் கேட்க வேண்டுமா? தபேலாவும் டோலக்கும் அந்த உறுமலில் காணாமல் போகும்.

பழைய பாட்டு அதிகம் வாசிக்கிற குழுவுக்கு நான் சொல்வது ஃபிளாட்வவுண்ட். தட்டை நாடாவைச் சுற்றிய தந்தி. மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். விரல் நகரும்போது கீச்சென்ற சத்தம் வராது, சுரம் 'தும்' என்று விழுந்து சீக்கிரம் அடங்கும். அழுக்கு அடையப் பள்ளமில்லை, அதனால் வருஷக் கணக்கில் உழைக்கும். அமெரிக்காவின் மோடவுன் நிறுவன இசைத்தட்டுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், தடித்த லா பெல்லா ஃபிளாட்வவுண்ட்களை அறுந்தால் ஒழிய மாற்றமாட்டாராம். இளையராஜாவின் எண்பதுகளின் பாடல்களில் பேஸ் தனியாக ஒரு மெட்டே பாடிக்கொண்டு போகும். அதை மண்டபத்தில் வாசிக்க என் காதுக்கு இந்தத் தந்திதான் பொருத்தம். ஆனால் ஒரு விஷயம், பேஸ் குமிழைக் கூட்டாமல் நடு ஒலிகளுக்கான மிட் குமிழைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

கட்டை விரலால் அடித்து வாசிக்கிற ஸ்லாப், இன்றைய குத்துப்பாட்டு என்றால் ரவுண்ட்வவுண்டே சரி. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இன்னும் பளிச்சென்று கேட்கும், ஆனால் ஃபிரெட்டைச் சீக்கிரம் தேய்க்கும். வாசித்து முடித்ததும் துணியால் துடைத்து வையுங்கள். பழைய தந்தியைத் தண்ணீரில் கொதிக்க வைத்து மாட்டுகிறவர்களும் உண்டு. கொஞ்ச நாள் உயிர் வரும், அப்புறம் பழைய கதைதான். அதற்கு எரிக்கிற கேஸ் வீண் என்பது என் மனைவியின் கருத்து, எனக்கும் மறுப்பில்லை.

வாங்கும்போது கிட்டாரில் தந்தி அதிரும் நீளத்தை, அதாவது ஸ்கேலைச் சொல்லுங்கள். சாதாரண பேஸ் 34 அங்குலம், சின்னது 30. அக்கூஸ்டிக் பேஸுக்கான வெண்கலத் தந்தியை எலெக்ட்ரிக் பேஸில் போட்டால், தந்தி அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்த பிக்கப் அதைச் சரியாகப் பிடிக்காது, சத்தம் சோனியாக வரும். ரவுண்ட்வவுண்டிலிருந்து ஃபிளாட்வவுண்டுக்கு மாறினால் பொதுவாக இழுவிசை கூடும், கழுத்து வளையும். கழுத்துக்குள் இருக்கும் டிரஸ் ராட் என்ற கம்பியைச் சரிசெய்து, தந்தி அமரும் பாலத்தில் சுருதியையும் பார்க்க வேண்டும். தெரியாதவர்கள் கடையிலேயே செய்து வாங்குங்கள், திருகி உடைத்துவிடாதீர்கள்.

ஃபிளாட்வவுண்டுக்கு ரவுண்ட்வவுண்டைப் போல விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும். எல்லாக் கடையிலும் இருப்பு இருக்காது. முன்கூட்டியே சொல்லி வைத்தால் வரவழைத்துத் தருகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு பேஸ் வாசிப்பாளர்,
சுங்கை சிப்புட், பேராக்.