முன் அச்சில் வழியும் கறுப்புக் கஞ்சி: பெர்த்திலிருந்து தம்பிக்கு

பெர்த், மேற்கு ஆஸ்திரேலியா
ஏப்ரல்

அன்புத் தம்பி முருகேசனுக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவும் உன் வீட்டாரும் நலம் என்று நம்புகிறேன். உன் மாருதி ஜிப்ஸி ஜீப்பின் முன் சக்கரத்துக்கு உட்பக்கம் கறுப்பாக எண்ணெய் வழிகிறது, எண்ணெயைத் தடுக்கும் வெளி சீல் வளையத்தை மாற்றியும் நிற்கவில்லை, 60 கி.மீ வேகத்தில் ஸ்டியரிங் உதறுகிறது என்று எழுதியிருந்தாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். பக்கத்தில் வைத்துக்கொண்டு பிரிக்க வேண்டிய வேலை என்பதால் எழுத்திலேயே தருகிறேன்.

இங்கே இப்போது இதே வேலைதான் வீட்டுக்கு வீடு நடக்கிறது. வடக்கே கிம்பர்லியில் மழைக்காலம் முடியும் நேரம். கிப் ரிவர் ரோடு மே மாத வாக்கில் திறக்கும். அது டெர்பியிலிருந்து கனனரா பக்கம் வரை 660 கி.மீ, பெரும்பகுதி சரளை. பெர்த்திலிருந்து டெர்பிக்குப் போகவே 2,300 கி.மீக்கு மேல். வழியில் வண்டி நின்றால் கிட்டத்தில் பட்டறை இருக்காது. அதனால் சனி ஞாயிறு வந்தால் தெருவில் கராஜ் கதவுகள் திறந்திருக்கும், உள்ளே சக்கரம் கழற்றிய வண்டிகள் ஸ்டாண்டில் நிற்கும். டீச்சர், நர்ஸ், பேங்க் வேலைக்காரர், யாராக இருந்தாலும் கையில் ஸ்பேனர். பட்டறைக்கு விட்டால் ஒரு மணி நேரக் கூலியே நூறு டாலருக்கு மேல் என்பது ஒரு காரணம். தன் கையால் ஒருமுறை பிரித்தவனால்தான் காட்டில் மறுபடி பிரிக்க முடியும் என்பது அதைவிடப் பெரிய காரணம். பாகம் வேண்டுமானால் பழைய வண்டிகளை வரிசையாக நிறுத்தி வைத்திருக்கும் யார்டுக்கு நம் பெட்டியோடு போய், நாமே கழற்றிக்கொண்டு வாசலில் காசு கொடுத்துவிட்டு வரலாம். இந்த ஊரில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அது.

இங்கே எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடும் வண்டி டொயோட்டா லேண்ட் குரூசர் 80 சீரிஸ். 1990களில் விற்றது. 4.2 லிட்டர், ஆறு சிலிண்டர் டீசல்; 1எச்இசட் எஞ்சினில் கம்ப்யூட்டர் தொல்லை கிடையாது. நிசான் பேட்ரோல் ஜி.க்யூ, நம்ம ஜிப்ஸியின் உடன்பிறப்பான சுசுகி சியரா இரண்டும் அதற்கு அடுத்தபடி. மூன்றுக்கும் முன் அச்சு ஒரே ஜாதி: அச்சுக் குழாயின் முனையில் இரும்பு உருண்டை, அதை மூடித் திரும்பும் நக்கிள், உள்ளே, சக்கரம் ஒடித்திருக்கும்போதும் சுழற்சியைக் கடத்தும் சி.வி. ஜாயிண்ட். ஆகவே உன் நோய்க்கு இங்கே ஊரெல்லாம் வைத்தியர்.

முதலில் நோயைப் புரிந்துகொள். அச்சின் கியர் பெட்டியான டிஃபரன்ஷியலில் இருப்பது கியர் ஆயில். நக்கிளுக்குள் இருப்பது கெட்டி கிரீஸ். இரண்டையும் பிரித்து வைப்பது அச்சுக் குழாயின் முனையில், சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஒரே ஒரு சீல். அது தேய்ந்தால் கியர் ஆயில் நக்கிளுக்குள் வந்து கிரீஸைக் கரைத்து, இரண்டும் கறுப்புக் கஞ்சியாகி, உருண்டையின் பின்பக்கம் இருக்கும் ஃபெல்ட் வழியாக வெளியே வழியும். நீ மாற்றியது வெளியில் தெரிந்த அந்த ஃபெல்ட் சீலை. போனது உள்ளே இருக்கும் சீல். இதை அப்படியே விட்டால் ஜாயிண்டும், நக்கிள் திரும்ப உதவும் கிங்பின் பேரிங்கும் நீர்த்த எண்ணெயில் ஓடித் தேயும், டிஃபரன்ஷியலில் ஆயில் குறையும், சக்கரம் மாட்டும் ஹப்பின் சீலையும் தாண்டினால் பிரேக் நனையும்.

பிரிப்பதற்கு முன்னால், அச்சின் மேல் இருக்கும் ப்ரீதரை, அதாவது உள்காற்று போய்வரும் சின்ன மூடியைப் பார். மூடியைக் கையால் தூக்கினால் அசைய வேண்டும். மண் அடைத்திருந்தால் அச்சு சூடாகும்போது உள்ளே ஏறும் காற்றழுத்தம் ஆயிலை சீல் வழியே தள்ளும். புது சீல் போட்டாலும் தள்ளும். சூடான அச்சோடு ஓடையில் இறங்கினால் இதற்கு நேர்மாறாக நடக்கும்: உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கி, சீல் வழியே தண்ணீரை உறிஞ்சும். டிஃபரன்ஷியல் ஆயில் பால் கலந்த மாதிரி இருந்தால் அதுதான் நடந்திருக்கிறது. இங்கே எல்லோரும் ப்ரீதர் இருக்கும் இடத்தில் ஒரு நிப்பிள் போட்டு, எண்ணெய் தாங்கும் ரப்பர் குழாயை பானெட்டுக்குள் உயரமாகக் கொண்டுபோய்க் கட்டி, நுனியில் சின்ன ஃபில்டர் வைத்துவிடுகிறார்கள். சக்கரம் உதைக்கும்போது இழுபடாதபடி குழாயில் தாராளமாகத் தொய்வு விடு. போடிமெட்டு மழைக்கு உனக்கும் இது அவசியம்.

இனி பிரிக்கும் வேலை. பின் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை. அச்சுக் குழாய்க்கு அடியில் ஸ்டாண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் கீழே படுக்கக் கூடாது; பட்டறைப் பையன்களிடம் கண்டிப்பாகச் சொல். டிஃபரன்ஷியல் ஆயிலை வடிக்கும் முன் மேலே இருக்கும் ஃபில்லர் போல்ட் கழலுகிறதா என்று பார்த்துக்கொள். வடித்த பிறகு அது துருப்பிடித்துக் கழலவில்லை என்றால் வண்டி அங்கேயே நிற்கும்.

பிரேக் காலிப்பரைக் கழற்றிக் கம்பியால் கட்டித் தொங்கவிடு. ஹோஸில் எடை விழக் கூடாது. லேண்ட் குரூசரில் ஹப் ஃபிளாஞ்சை ஆறு கூம்பு வாஷர்கள் கவ்விப் பிடித்திருக்கும். நெம்பினால் வராது. நட்டை ஸ்டட் நுனி வரை தளர்த்தி வைத்துக்கொண்டு, பித்தளைத் துண்டால் ஸ்டட் தலையில் தட்டினால் கூம்பு துள்ளி வெளியே வரும். ஹப் நட்டுக்கு 54 மி.மீ சாக்கெட். உளி வைத்து அடித்துக் கழற்றும் பழக்கம் அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு. உளி அடித்த நட்டிலிருந்து உதிரும் பிசிறு நேராக பேரிங்குக்குள் போகும். உன் வண்டி நட்டை அளந்து, தேனியில் லேத்துக்காரரிடம் ஒரு குழாயை வெட்டிச் செய்து வாங்கிக்கொள்.

ஹப், அதைத் தாங்கும் ஸ்பிண்டில், ஷாஃப்ட் எல்லாம் கழன்று வந்த பிறகு நக்கிள் நிற்பது மேலும் கீழும் இருக்கும் இரண்டு கிங்பின் பேரிங்கில். அவற்றின் மூடிகளுக்கு அடியில் ஷிம்கள் என்ற மெல்லிய தகடுகள் இருக்கும். இந்த வேலையில் பெரும்பாலானவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். அந்த ஷிம்கள் பேரிங் இறுக்கத்தை மட்டும் தீர்மானிப்பதில்லை; நக்கிள் உருண்டைக்கு நடுவில் உட்காருவதையும் அவையே தீர்மானிக்கின்றன. மேல் ஷிம்மைக் கீழே போட்டால் நக்கிள் ஒரு மயிரிழை ஏறியோ இறங்கியோ நிற்கும். ஷாஃப்ட் நடு தவறும், புது சீலின் உதடு ஒரு பக்கமாகவே தேயும், சில மாதத்தில் மறுபடி கஞ்சி. ஆகவே மூடி கையில் வந்த உடனே அதன் ஷிம்களை அந்த மூடியோடு சேர்த்துக் கம்பியில் கோத்து, ‘இடது மேல்’, ‘வலது கீழ்’ என்று அட்டை எழுதிக் கட்டிவிடு.

பிறகு கழுவல். வேலையில் பாதி நேரம் இதற்கே போகும். மண்ணெண்ணெயும் பிரஷும் போதும். உருண்டை பளபளவென்று வர வேண்டும். துருப் புள்ளி இருந்தால் நைஸ் எமரி காகிதத்தால் தேய்; குழியாக இருந்தால் அது ஃபெல்ட்டையும் ரப்பரையும் கிழித்துக்கொண்டே இருக்கும். ஷாஃப்டில் சீல் ஓடும் இடத்தை நகத்தால் வருடிப் பார். நகம் மாட்டினால் பள்ளம் விழுந்திருக்கிறது. அதன் மேல் மெல்லிய உலோக ஸ்லீவ் போட வேண்டும், இல்லையென்றால் வேறு ஷாஃப்ட் தேட வேண்டும். கிங்பின் பேரிங்கின் வெளி வளையமான கப்பில் வரிவரியாகத் தழும்பு தெரிந்தால் கப்போடு சேர்த்து மாற்று. ஸ்டியரிங் நேராக இருக்கும்போது ரோலர்கள் ஒரே இடத்தில் இடி வாங்கி விழுந்த தழும்பு அது. நீ சொன்ன உதறலுக்கும் காரணம் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும்.

புது சீலை மாட்டும்போது ஸ்பிரிங் இருக்கும் உதடு டிஃபரன்ஷியல் பக்கம் பார்க்க வேண்டும். உதட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவு. வெளி விளிம்பு அளவுக்கு ஒரு பழைய பேரிங் கப்பை வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டு. அடுத்து ஷாஃப்டை உள்ளே விடும்போது ஒரு கையால் அடியில் தாங்கிப் பிடித்து, ஷாஃப்ட் நுனியில் இருக்கும் ஸ்ப்ளைன் பல் உதட்டில் படாமல் நடுவாகச் செலுத்து. ஷாஃப்டின் எடை சீல் மேல் விழுந்து, பல் உதட்டைக் கீறிவிட்டால் செய்த வேலை எல்லாம் அந்த நொடியில் வீண். பொறுமையாக, முடிந்தால் இன்னொரு ஆள் டார்ச் பிடிக்க, இதைச் செய்.

ஜாயிண்டுக்கும் நக்கிளுக்கும் மாலிப்டினம் கலந்த ‘மாலி’ கிரீஸ். ஜாயிண்டில் ஒரு பக்கம் திணித்தால் மறுபக்கம் புது கிரீஸ் பிதுங்கி வர வேண்டும். நக்கிளை முக்கால் அளவுக்கு நிரப்பினால் போதும். சூட்டில் விரிய இடம் வேண்டும். லேண்ட் குரூசருக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 450 கிராம் குழாய் மூன்று நான்கு பிடிக்கும், ஜிப்ஸிக்குக் குறைவாகவே ஆகும். வீல் பேரிங்குக்கு வேறு: சூடு தாங்கும் லித்தியம் கிரீஸ். இரண்டையும் கலக்காதே. முழுவதும் ஒடித்துத் திரும்பும்போது ‘டக் டக்’ என்று சத்தம் வந்தால் ஜாயிண்ட் தேய்ந்திருக்கிறது. 80 சீரிஸில் இதற்கு ஒரு நல்ல உபாயம் உண்டு: இடது ஜாயிண்டை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றிப் போடுவார்கள். முன்னே போகும்போது பளு வாங்கித் தேய்ந்த பக்கம் ரிவர்ஸுக்குப் போய், தேயாத பக்கம் வேலைக்கு வரும்.

பேரிங் இறுக்கத்துக்குக் கை மதிப்பு போதாது. மீன் நிறுக்கும் ஸ்பிரிங் தராசு ஒன்று வாங்கிக்கொள். கிங்பின்னுக்கு, சீல் மாட்டும் முன், ஸ்டியரிங்கின் டை ராட் கம்பி மாட்டும் ஓட்டையில் தராசைக் கொக்கி போட்டு இழுத்து, நக்கிள் திரும்பத் தொடங்கும்போது முள் காட்டும் எடையைப் பார்க்க வேண்டும். குறைவாக இருந்தால் ஷிம் எடுக்க வேண்டும், கூடினால் சேர்க்க வேண்டும். ஜிப்ஸிக்கான எடை அதன் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். வீல் பேரிங்குக்கு லேண்ட் குரூசர் முறை இது: உள் நட்டை 59 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி, ஹப்பை இரண்டு பக்கமும் சுற்றி, தளர்த்தி, மறுபடி லேசாக இறுக்கி, வீல் ஸ்டட்டில் தராசை மாட்டி இழுத்தால் 3 முதல் 5½ கிலோவுக்குள் நகர வேண்டும். அதன்பின் லாக் நட்டை 64க்கு இறுக்கி, மறுபடி தராசு; லாக் நட்டு இறுகும்போது உள்ளே இருப்பதும் இறுகும். இந்த எண்களை உன் வண்டிக்குப் போடாதே. முறையை மட்டும் எடுத்துக்கொள்.

ஓட்டிப் பார்த்து நிறுத்தியதும் ஹப்பில் கை வை. இளஞ்சூடு சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் இறுக்கம் அதிகம், இல்லையென்றால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. நக்கிள் போல்ட்களை 500 கி.மீ கழித்து மறுபடி இறுக்கு. 80 சீரிஸில் ஸ்டியரிங் ஆர்ம் ஸ்டட்கள் தளர்ந்து, கவனிக்காமல் ஓட்டி, உடைந்தே போனதுண்டு.

இவ்வளவும் செய்து உதறல் மிச்சம் இருந்தால் இந்த வரிசையில் பார்: டயர் பேலன்ஸ், வீல் பேரிங் ஆட்டம், டை ராட் எண்ட், ஸ்பிரிங் பட்டா புஷ். ஸ்டியரிங் டேம்பரைக் கடைசியில் வை. புது டேம்பர் உதறலை அமுக்கி மறைக்கும். தேய்ந்த பாகம் அதன் நிழலில் இன்னும் தேயும். காரணம் தெரியாமல் டேம்பர் விற்பவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள், அவர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது.

மாமாவின் மஹிந்திரா காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்தால்தான் எடுக்கிறது என்றாயே, அதற்கும் டீசல் பம்பைக் கழற்றிக் கொடுத்துவிடாதீர்கள். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் டீசல் தாங்கும், உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய் ஒரு முழம் மாட்டி, ராத்திரி முழுக்க விட்டுப் பாருங்கள். காலையில் குமிழி தெரிந்தால் ஏர் பிடிக்கிறது: கை பிரைமர், ஃபில்டர் வாஷர், பழைய ஹோஸ் கிளிப் மூன்றில் ஒன்று. குமிழி இல்லையென்றால் ஹீட்டர் பிளக்குகளைத் தனித்தனியாகக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரில் ஓம் பார்க்கச் சொல். நல்லது ஒன்றிரண்டு ஓமுக்குள் காட்டும். எரிந்துபோனது எதுவும் காட்டாது.

ஒன்றை மறக்காமல் பட்டறையில் சொல். பிரேக் டிரம்மைக் கழற்றிக் காற்று பைப்பால் ஊதக் கூடாது. பழைய லைனிங், கிளட்ச் தட்டு, கேஸ்கட் எதிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். நுரையீரலில் போனால் பல வருஷம் கழித்து ஆளைக் கொல்லும். இந்த நாட்டில் 2003 டிசம்பர் 31 முதல் அதை முழுக்கத் தடை செய்துவிட்டார்கள். ஆனாலும் பழைய வண்டியில் இருக்கும் என்று எண்ணியே வேலை செய்கிறார்கள். தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போட்டால் போதும்.

உள் சீலைக் கழற்றியதும் எறிந்துவிடாதே. அதன் முகத்தில் எண் இருந்தால் போட்டோ எடு. அழிந்திருந்தால் வெர்னியரில் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றையும், ஷாஃப்டில் சீல் ஓடும் இடத்தின் விட்டத்தையும் அளந்து அனுப்பு. சியராவுக்கான நக்கிள் கிட்டோடு ஒத்துப்போகிறதா என்று இங்கே கடையில் வைத்துப் பார்த்து, சரியாக இருந்தால் இரண்டு பக்கத்துக்கும் வாங்கி அனுப்புகிறேன். அளவு வரும்வரை மலைக்கு வண்டியை எடுக்காதே. அதற்குள் பிரேக் லைனிங் நனைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்து எழுது.

அன்புடன்,
அண்ணன்