திரையில் தெரியாத ஆட்கள்: புளோரிடா சட்டமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு உறுப்பினர்களுக்கு, வணக்கம்.

ஆவணமில்லாத தொழிலாளர்களை வேலைக்கு வைக்கும் முதலாளிகளைத் தண்டிக்க நீங்கள் இயற்றிய சட்டம் 2023 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. 25 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் தனியார் நிறுவனம், புதிதாகச் சேரும் ஒவ்வொருவரையும் மூன்று வேலை நாளுக்குள் ஈ-வெரிஃபையில் (வேலை அனுமதி உண்டா என்று பார்க்கும் மத்திய அரசின் இணையவழி முறை) சரிபார்க்க வேண்டும். 24 மாதத்தில் மூன்று முறை தவறினால் நாளொன்றுக்கு 1,000 டாலர் அபராதம்; தொழில் உரிமமும் நிறுத்திவைக்கப்படும். ஆட்சேர்ப்புக் கோப்புகளோடு புழங்கும் எங்களுக்கு இதில் ஒரு குறை தெளிவாகத் தெரிகிறது. சரிபார்ப்பு நடந்ததா என்று கேட்கிற சட்டம், கூலி கொடுத்தார்களா என்று கேட்பதில்லை.

வேலைக்குச் சேரும் நாளில் தொழிலாளி, வேலை அனுமதியைக் காட்டும் ஐ-9 படிவத்தின் முதல் பகுதியை நிரப்புகிறார். முதலாளி ஆவணங்களைப் பார்த்து இரண்டாம் பகுதியை முடிக்கிறார். அந்தப் பெயர், பிறந்த தேதி, சோஷியல் செக்யூரிட்டி எண் ஆகியவை அரசுப் பதிவுகளோடு ஒப்பிடப்படுகின்றன. எதிரே நிற்கும் ஆளை யாரும் ஒப்பிடுவதில்லை. இன்னொருவருடைய உண்மையான பெயரையும் எண்ணையும் கொண்டுவருபவர் எளிதாகத் தேறிவிடலாம். படத்தை ஒத்துப்பார்க்கும் வசதி கிரீன் கார்டு, வேலை அனுமதி அட்டை, அமெரிக்க பாஸ்போர்ட் போன்ற சிலவற்றுக்குத்தான் உண்டு.

மாட்டிக்கொள்வது பல நேரம் முறையான அனுமதி உள்ளவர்தான். கல்யாணத்துக்குப் பின் மாற்றிய பெயரைப் பதியாதவர், இரட்டைக் குடும்பப்பெயர் கொண்ட லத்தீன் அமெரிக்கர், குடும்பப்பெயரே இல்லாத தமிழர். (விசாவில் முதல் பெயரின் இடத்தில் 'எஃப்என்யூ' (முதல் பெயர் தெரியவில்லை) என்று விழுந்து, வேறொரு அட்டையில் அப்பா பெயர் கடைசிப் பெயராகும் தொல்லை நம்மவர்களுக்குப் புதிதல்ல.)

பதிவு பொருந்தவில்லை என்றால் முதலாளி அவரைத் தனியே அழைத்து அறிவிப்பைக் கொடுக்க வேண்டும். அவர் மறுத்து முறையிட்டால், 8 மத்திய அரசு வேலை நாளுக்குள் உரிய அலுவலகத்தை அணுக வேண்டும். இறுதி முடிவு வரும்வரை அவரை நீக்கவோ வேலை நேரத்தைக் குறைக்கவோ கூடாது. உரிமம் போய்விடும் என்ற பயத்தில் அந்த அறிவிப்பைத் தராமலே ஆளை அனுப்பிவிடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய பிழை. எதற்காக வேலை போனது என்றுகூட அவருக்குத் தெரியாது.

தெரிந்தே சட்டத்தை மீறுபவர் ஈ-வெரிஃபை பக்கமே வருவதில்லை. கூரை வேய்வதற்கும் பழம் பறிப்பதற்கும் 25 பேருக்குக் குறைவான துணை ஒப்பந்தக்காரரிடம் வேலையை விட்டுவிடுகிறார். அல்லது தொழிலாளியையே 'தனி ஒப்பந்தக்காரர்' என்று எழுதிவிடுகிறார். தனி ஒப்பந்தக்காரருக்குச் சரிபார்ப்பு தேவையில்லை. அரிசோனாவில் இதே வகைச் சட்டம் 2008இல் நடப்புக்கு வந்தபின் பலர் இப்படித்தான் சுயதொழில் கணக்குக்குத் தள்ளப்பட்டார்கள். அப்படித் தள்ளப்பட்டவருக்குக் கூடுதல் நேரக் கூலி இல்லை, அடிபட்டால் காப்பீடும் இல்லை.

ஆவணமில்லாதவருக்கும் குறைந்தபட்சக் கூலி உண்டு என்பது மத்தியச் சட்டம். அதை வாங்கித்தர புளோரிடாவில் மாநிலத் தொழிலாளர் துறை கிடையாது. 2002இல் அதைக் கலைத்துவிட்டீர்கள். அந்தத் துறையை மீண்டும் அமையுங்கள். துணை ஒப்பந்தக்காரர் ஏய்க்கும் கூலிக்கு மேலே உள்ள நிறுவனத்தையும் பொறுப்பாக்குங்கள். போலி 'தனி ஒப்பந்த'த்துக்கு அபராதம் போடுங்கள். பொருந்தாமை அறிவிப்பைத் தொழிலாளிக்கு அவர் மொழியில் கொடுத்ததற்கான கையொப்பம் இருக்கிறதா என்று ஒவ்வொரு தணிக்கையிலும் கேளுங்கள்.