மருந்து ஏன் இன்னும் தொடர வேண்டும்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கயல்விழிக்கு,

அம்மா எழுதுவது. ரத்தப் புற்றுநோய் வந்த உன் நாத்தனார் மகனுக்கு முதல் மாத சிகிச்சையிலேயே எலும்பு மஜ்ஜை சுத்தமாகிவிட்டது என்று படித்ததும் மனம் நிறைந்தது. குணமான பிள்ளைக்கு இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மருந்து எதற்கு, உடம்பு மருந்துக்குப் பழகிவிடாதா என்று உன் மாமியார் கவலைப்படுவதாக எழுதியிருந்தாய். மஜ்ஜைப் பரிசோதனையிலேயே காலத்தைக் கழித்தவள் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். சம்பந்தியம்மாவுக்கும் படித்துக் காட்டு.

மருந்துக்கு அடங்காமல் போவது உடம்பு அல்ல, புற்றுநோய்ச் செல்கள். அவற்றிலும் பல, மருந்து உள்ளே போவதற்கு முன்பே மாறிவிட்டவை. சுண்டெலிகளின் ரத்தப் புற்றுநோய்ச் செல்களைக் கொண்டு லாயிட் லா என்பவர் 1952இலேயே இதைக் காட்டினார். நோய் தெரியவரும்போது உடலில் ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி நோய்ச் செல்கள் இருக்கும். பத்து லட்சத்தில் ஒன்றுதான் ஒரு மருந்துக்குத் தப்பும் என்று வைத்துக்கொண்டாலும், பத்து லட்சம் செல்கள் மிஞ்சிவிடும்.

நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா சென்ற எல்லாப்ரகடா சுப்பாராவின் குழு உருவாக்கிய அமினோப்டெரின் என்ற மருந்தை, பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்தார். 1948இல் வெளியான அவருடைய கட்டுரையில், 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்ததாக உள்ளது. ஆனால் அந்தத் தணிவு நிலைக்கவில்லை. சில மாதங்களில் நோய் திரும்பியது.

அமினோப்டெரினும் அதன் வழிவந்த மெத்தோட்ரெக்ஸேட்டும், செல் தன் டிஎன்ஏவை உருவாக்கத் தேவையான ஒரு நொதியை முடக்குகின்றன. தப்பிய செல்களில் சில, அந்த நொதிக்கான மரபணுவையே பல பிரதிகளாகப் பெருக்கிக்கொண்டு, மருந்தால் முடக்கித் தீராத அளவுக்கு நொதியை உருவாக்குகின்றன என்று 1978இல் ஷிம்கே என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு கண்டறிந்தது. வேறு சில செல்கள் மருந்தை உள்ளே விடுவதே இல்லை. இன்னும் சிலவற்றின் மேலுறையில் இருக்கும் பி-கிளைக்கோபுரதம் என்ற புரதம், உள்ளே வந்த மருந்தை வெளியே தள்ளிவிடுகிறது. டொரொன்டோவில் ஜூலியானோ, லிங் என்ற ஆய்வாளர்கள் 1976இல் விவரித்த இந்தப் புரதம், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத வின்கிரிஸ்டின், டாக்ஸோரூபிசின் ஆகிய புற்றுநோய் மருந்துகளையும் ஒருசேர வெளியேற்றக்கூடியது என்பதால், என்னை மிகவும் அச்சுறுத்துவது இதுதான்.

இதனால்தான் ஒரே மருந்தை நம்பியிருக்க முடியாது. 1960களின் தொடக்கத்தில் ஃப்ரை, ஃப்ரைரைக் என்ற அமெரிக்க டாக்டர்கள் வெவ்வேறு வழியில் தாக்கும் நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். தனித்தனி வழியில் வேலை செய்யும் இரண்டு மருந்துகளுக்கும் ஒருசேரத் தப்ப, மேலே சொன்ன கணக்குப்படி லட்சம் கோடியில் ஒரு செல்லுக்குத்தான் வாய்ப்பு. இன்று இந்த நோயிலிருந்து பெரும்பாலான குழந்தைகள் மீள்வதற்கு இந்தக் கூட்டுமருந்து முறையே அடிப்படை.

மஜ்ஜை சுத்தம் என்றால், நுண்ணோக்கியில் நோய்ச் செல்கள் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு என்றுதான் பொருள். மேலே கோரையைப் பறித்த பிறகும் மண்ணுக்குள் கிழங்கு கிடப்பதைப்போல, அந்த நிலையிலும் கோடிக்கணக்கான செல்கள் மிஞ்சியிருக்கக்கூடும். வீட்டில் தினமும் கொடுக்கும் மெர்காப்டோபியூரினும், வாரம் ஒருமுறை கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட்டும் அவற்றுக்காகத்தான். பிள்ளை நன்றாக விளையாடுகிறானே என்று மாத்திரையைத் தவறவிட்டால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடும். ரத்த அணுக்கள் குறைந்தால் அளவை மாற்றுவதும் சில நாள் நிறுத்துவதும் டாக்டர் மட்டுமே எடுக்க வேண்டிய முடிவு.

மிச்சமிருக்கும் நோயை இன்னும் நுட்பமாக அளக்கும் எம்ஆர்டி பரிசோதனையின் முடிவை நாத்தனாரிடம் கேட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா