சந்தைச் சுங்கத்தை ஏலம் விடுவதற்கு முன் பெண்கள் கழிப்பறையைத் திறந்து விடுங்கள்

மதிப்பிற்குரிய பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களுக்கும், செயல் அலுவலர் அவர்களுக்கும், வார்டு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பங்குனி பிறந்ததும் அலுவலக வாசல் அறிவிப்புப் பலகை நிறைந்துவிடுகிறது. சொத்து வரி, குடிநீர்க் கட்டண பாக்கிக்கு மார்ச் 31 கடைசி நாள். புது அரையாண்டு வரியை ஏப்ரல் 30-க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை. மாரியம்மன் திருவிழாவை முன்னிட்டுச் சாக்கடை தூர்வாரும் பணி. பேருந்து நிறுத்தத்தில் நீர்மோர்ப் பந்தல் திறப்பு. இவற்றுக்கு நடுவே ஒரு தாள்: ஏப்ரல் 1 முதல் வாரச்சந்தையில் சுங்கம் வசூலிக்கும் உரிமைக்குப் பொது ஏலம். முன்வைப்புத் தொகை எவ்வளவு, வரைவோலையை யார் பெயரில் எடுக்க வேண்டும், பாக்கி வைத்தவர்கள் கலந்துகொள்ளக் கூடாது என்று நிபந்தனைகள் வரிசையாக இருக்கின்றன. எல்லாவற்றையும் நின்று படித்தேன். சந்தைக்குள் பூட்டிக் கிடக்கும் பெண்கள் கழிப்பறையைப் பற்றி ஒரு வரி இல்லை. அதனால்தான் இந்த மடல்.

போன செவ்வாய்க்கிழமை மதியம் சந்தையில் கீரை விற்கும் ஒரு அம்மா மயங்கி விழுந்தது உங்களுக்குத் தெரியும். அலுவலகத்திலிருந்து ஆள் வந்து பார்த்தார். வெயில் தாங்காமல் விழுந்துவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்த அம்மாவை ஆட்டோவில் ஏற்றி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனவர்களில் நானும் ஒருத்தி. குளுக்கோஸ் ஏற்றும்போது நர்ஸ் கேட்டார், காலையிலிருந்து என்ன குடித்தீர்கள் என்று. "வெள்ளன ஒரு டீத்தண்ணி குடிச்சேன் தாயி. மேக்கொண்டு குடிச்சா எங்கிட்டுப் போறது?" என்றார் அந்த அம்மா. நர்ஸ் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை வரும் நோயாளிகளிடம் இந்தப் பதிலை அவர் முன்பே கேட்டிருக்க வேண்டும்.

அவருடைய சந்தை நாள் எப்படிப் போகிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். முந்தின நாள் சாயங்காலம் கீரையைப் பிடுங்கி, மண் போக அலசி, கட்டுக்கட்டாக வாழைநாரில் கட்டி, ஈரச்சாக்கில் சுற்றி வைக்கிறார். விடிவதற்கு முன்னால் முதல் பஸ்ஸில் மூட்டையோடு வந்து இடம் பிடிக்கிறார். பிடித்த இடத்தைவிட்டு எழுந்தால் திரும்பி வரும்போது அங்கே வேறு கூடை இருக்கும். வேலை முடிந்து ஊர்க்காரர்கள் வாங்க வருவதே சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல்தான். எட்டு மணி பஸ்ஸுக்குத்தான் எழுந்திருக்கிறார். இந்த நேரம் முழுக்க, கீரை வாடாமலிருக்கப் பக்கத்தில் இருக்கும் சொம்பிலிருந்து கையால் அள்ளி அள்ளித் தண்ணீர் தெளிக்கிறார். அதே சொம்பிலிருந்து ஒரு மடக்கு தன் வாயில் ஊற்றிக்கொள்ளப் பயப்படுகிறார்.

இவர் ஒருவர் மட்டுமில்லை. புளிக்கொட்டை எடுத்துச் சிப்பமாகக் கொண்டுவருபவர்கள், சின்ன வெங்காயம் கூறு கட்டி விற்பவர்கள், முருங்கைக்காய், கருவாடு, வளையல், பழைய துணி என்று தரையில் சாக்கை விரித்து உட்காருபவர்களில் பெரும்பாலும் பெண்கள்தான். அதில் சர்க்கரை வியாதிக்காரர்கள் இருக்கிறார்கள். அடக்கவும் முடியாது, போகவும் இடமில்லை. கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். மாதவிலக்கு நாளில் வராமல் நின்றுவிட்டால் அந்த வாரக் காசு போச்சு. வந்தால் விடியற்காலையில் வைத்த துணியோடு ராத்திரிவரை உட்கார்ந்திருக்க வேண்டும். நீர்க்கடுப்பு, சிறுநீர்த் தொற்று, கல் அடைப்பு என்று இவர்கள் ஆஸ்பத்திரிக்கு அலைவதற்குத் தண்ணீர் குடிக்காததும் அடக்கி வைப்பதும் முக்கியமான காரணம். எந்த டாக்டரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்.

என் வீடு சந்தைப்பேட்டைக்குப் பின் தெருவில் இருக்கிறது. தையல் மெஷின் போட்டுப் பிழைக்கிறேன். செவ்வாய்க்கிழமைகளில் கொல்லைக் கதவை நான் பூட்டுவதில்லை. எங்கள் தெருவில் இன்னும் ஓரிரு வீடுகளிலும் அப்படித்தான். என் அம்மா வயதுள்ள மனுஷிகள் வாசலில் வந்து நின்று "தாயி, செத்த..." என்று ஆரம்பித்து, அதற்கு மேல் சொல்ல முடியாமல் தலையைக் குனிந்துகொள்வார்கள். போகும்போது வேண்டாம் என்றாலும் கேட்காமல் ஒரு கட்டுக் கீரையைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போவார்கள். அவர்கள் உள்ளே வருவதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. எத்தனை பேர் வந்தாலும் கதவு திறந்துதான் இருக்கும். ஆனால் சந்தைக்குச் சுங்கம் கட்டிவிட்டு வந்த ஒருத்தி அடுத்தவர் வீட்டு வாசலில் கூனிக் குறுகி நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. அதுவும் தெரிந்தவர்கள்தான் வருகிறார்கள். புதிதாக வரும் பெண்ணுக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்றுகூடத் தெரியாது.

முன்பெல்லாம் சந்தைக்குப் பின்னால் கருவேலங்காடு இருந்தது. முள்ளும் பாம்பும் இருந்தாலும் இருட்டோடு இருட்டாக ஒதுங்கிவிட்டு வந்துவிடுவார்கள். அதை வெட்டிச் சமப்படுத்தி வண்டி நிறுத்துமிடம் ஆக்கினீர்கள். செய்ய வேண்டிய வேலைதான், குறை சொல்லவில்லை. அப்போதே கழிப்பறையும் கட்டினீர்கள். அதுதான் என் ஆதங்கம். இல்லாத ஒன்றைக் கேட்டு நான் எழுதவில்லை. ஆறு அறைகள், டைல்ஸ் ஒட்டிய சுவர், வெளியே ரோஸ் வர்ணத்தில் 'பெண்கள்' என்ற எழுத்து, மேலே கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, எல்லாம் இருக்கிறது. கதவில் பூட்டு தொங்குகிறது. துருப்பிடிக்காமலிருக்கப் பூட்டுக்கு பாலித்தீன் கவர் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் பிளீச்சிங் பவுடர் மூட்டைகளும், போன திருவிழாவுக்கு ஊன்றிய சவுக்குக் கம்புகளும் அடுக்கியிருப்பது தெரிகிறது.

ஏன் திறக்கவில்லை என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒரு பதில் சொல்கிறார்கள். மோட்டாருக்குக் கரன்ட் இணைப்பு வரவில்லை என்கிறது அலுவலகம். சுங்கம் வசூலிக்கத்தான் நான் ஏலம் எடுத்தேன், கக்கூஸ் கழுவ இல்லை என்கிறார் குத்தகைதாரர். தூய்மைப் பணியாளர்களைக் கேட்டால், இருக்கும் ஆட்களை வைத்துக் குப்பை அள்ளவே நேரம் போதவில்லை என்கிறார்கள். அவர்கள் சொல்வது நியாயம். அவர்கள் தலையில் இதையும் கட்டச் சொல்லவில்லை. மற்ற இரண்டு பதில்களும் நியாயமில்லை. திருவிழா சீரியல் லைட்டுக்குத் தற்காலிக இணைப்பு வாங்க ஒரு வாரம்கூட ஆவதில்லை. அதே மின்வாரியம்தான், அதே ஊர்தான். குத்தகைதாரர் பொறுப்பில்லை என்று சொல்வதற்குக் காரணமும் நீங்கள்தான். நிபந்தனையில் நீங்கள் எழுதியிருந்தால் அவர் எப்படித் தட்டிக்கழிக்க முடியும்?

ஆகவே என் கோரிக்கை இதுதான். ஏலத்துக்கு முன்பாகக் கழிப்பறையைத் திறந்து விடுங்கள். அதைத் தண்ணீரோடும் வெளிச்சத்தோடும் சுத்தமாக வைத்திருக்க ஆள் போடுவதும், சந்தைக்கு வருபவர்களிடம் தனியாகக் காசு கேட்காமல் இருப்பதும் குத்தகைதாரர் பொறுப்பு என்று ஏல நிபந்தனையில் எழுதுங்கள். அந்த ஆளுக்கு உரிய கூலியையும், கையுறை, பூட்ஸையும் குத்தகைதாரரே கொடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

தனிக் காசு வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. ஏற்கெனவே கூடைக்கு, சாக்குக்கு, தலைச்சுமைக்கு என்று வாங்குகிறார்கள். எதற்கு எவ்வளவு என்று எழுதிய பலகை சந்தையில் எங்கும் இல்லை. ரசீது கேட்டால் கொடுப்பதில்லை. போன வாரம் வாங்கியது ஒரு தொகை, இந்த வாரம் வேறு தொகை. கீரைக்கட்டுகளில் பாதி விற்காமல் வாடிப்போனாலும் சுங்கம் முழுசாகக் கொடுத்தாக வேண்டும். 1999-ல் மதுரையில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவிய உழவர் சந்தைகளில் விற்கும் விவசாயியிடம் கட்டணமே வாங்குவதில்லை, தராசும் கொடுக்கிறார்கள். நாங்கள் அந்த அளவுக்குக் கேட்கவில்லை. வாங்குகிற காசுக்கு ஒரு கதவைத் திறந்துவிடக் கேட்கிறோம்.

2022-ல் சொத்து வரியை உயர்த்தினீர்கள். என்னுடைய சின்ன வீட்டுக்கும் உயர்ந்தது. வசதிகள் வேண்டுமென்றால் வருமானம் வேண்டும் என்று சொன்னீர்கள், கட்டினோம். அதன்பிறகு ஊர் எல்லையில் வரவேற்பு வளைவு வந்தது. அலுவலகக் கூட்ட அறைக்கு ஏ.சி. வந்தது. சந்தைச் சுவரில் 'திறந்தவெளியில் மலம் கழித்தல் இல்லாத பேரூராட்சி' என்று பெரிதாக எழுதினார்கள். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம்தான் கழிப்பறை பூட்டிக் கிடக்கிறது. நவம்பர் 19 உலகக் கழிப்பறை நாள் என்று பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக நடக்கவைத்து அதே சந்தை வழியாகக் கூட்டிப்போனார்கள். பிள்ளைகள் போட்ட கோஷத்தைக் கேட்டுக்கொண்டு அந்தப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதைப் பார்த்தபோது வந்த கோபம் இன்னும் எனக்குத் தணியவில்லை. மன்னியுங்கள், கோபத்தில் கொஞ்சம் விலகிப் போய்விட்டேன்.

அரசியலமைப்புச் சட்டத்தின் 74-வது திருத்தம் நடைமுறைக்கு வந்து 30 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. நகர்ப்புற உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க வேலைகள் என்று அது 12-வது அட்டவணையில் எழுதி வைத்திருக்கும் பட்டியலில் தெருவிளக்கு, பேருந்து நிறுத்தத்தோடு பொதுக் கழிப்பிடமும் இருக்கிறது. 2014-ல் வந்த தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டப்படி, வியாபாரம் நடக்கும் இடங்களைப் பற்றி முடிவெடுக்க விற்பனைக் குழு அமைக்க வேண்டும். அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும் என்றெல்லாம் அந்தச் சட்டம் சொல்கிறது. நம் ஊரில் அப்படி ஒரு குழு கூடி, தரையில் உட்கார்ந்து விற்கும் ஒரு பெண்ணாவது அதில் எழுந்து பேசியிருந்தால் இந்தப் பூட்டு இத்தனை நாள் தொங்கியிருக்காது.

தலைவர் அம்மா, உங்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். உள்ளாட்சியில் பெண்களுக்குச் சரிபாதி இடம் என்று 2016-ல் சட்டம் திருத்தப்பட்டு, 2022 தேர்தலில் நீங்களும் பெண் உறுப்பினர்களும் ஜெயித்து வந்தபோது எங்கள் தெருவில் குலவை போட்டோம். ஓட்டுக் கேட்டு நீங்கள் சந்தைக்குள் வந்தீர்கள். அந்தக் கீரைக்கார அம்மா பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து பேசினீர்கள். ஓட்டு இங்கே இல்லாவிட்டாலும் அவர் உங்களுக்கு நெற்றியில் திருநீறு பூசிவிட்டார். பெண்ணுக்குத்தான் இந்தக் கஷ்டம் புரியும் என்று அன்றைக்கு அவர் சொன்னதை நானும் பக்கத்தில் நின்று கேட்டேன். ஆம்பளைத் தலைவர்கள் இருந்தபோது இதை வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்பட்டவர்கள், நீங்கள் வந்ததால்தான் கேட்க ஆரம்பித்தார்கள். அவர்களை ஏமாற்றிவிடாதீர்கள்.

இன்னும் சில வாரங்களில் அம்மன் திருவிழா. காப்புக் கட்டியதிலிருந்து முளைப்பாரி கரைக்கும்வரை சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து ஜனங்கள் வருவார்கள். சந்தைப்பேட்டையில்தான் ராட்டினமும் கடைகளும் போடப் போகிறீர்கள். செவ்வாய்க்கிழமை மட்டும் இருந்த கஷ்டம் அப்போது தினமும் இருக்கும். மொட்டை போட வரும் குடும்பங்கள், விரதம் இருந்து தீச்சட்டி எடுக்கும் பெண்கள், எல்லாரும் எங்கே போவார்கள் என்று திருவிழா ஆலோசனைக் கூட்டத்தில் யாராவது கேட்டார்களா? போலீஸ் பந்தோபஸ்து, ஆம்புலன்ஸ், தண்ணீர் லாரி பற்றிப் பேசினீர்கள் என்று தெரியும். இதையும் ஒரு தீர்மானமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கழிப்பறையைச் சுத்தம் செய்து திறக்க என்ன தேவை என்று எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூட்டிப்போய் வெளியிலிருந்து காட்டினேன். மோட்டாருக்கு வயர் இழுத்து மீட்டர் போர்டு மாட்ட வேண்டும், அவ்வளவுதான் என்றார். மூட்டைகளை அலுவலகக் கிடங்குக்கு மாற்ற ஒரு டிராக்டர் நடை போதும். ஆள் இல்லையென்றால் எங்கள் தெருப் பெண்கள் வந்து கழுவிவிடத் தயாராக இருக்கிறோம். முதல் நாளைக்கு மட்டும்தான் அப்படி. அதற்குப் பிறகு கூலி கொடுத்து ஆள் வைப்பது உங்கள் கடமை.

ஏலம் நடக்கும் அன்று காலையில் அலுவலக வளாகத்துக்கு நாங்களும் வருவோம். சத்தம் போட வரவில்லை. ஏலம் கேட்பவர்களுக்கு நிபந்தனைகளைப் படித்துக் காட்டும்போது, பெண்கள் கழிப்பறை திறந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்துப் படிக்கிறீர்களா என்று கேட்கத்தான் வருகிறோம். அதற்கு முன்பே பூட்டைத் திறந்து, கட்டண விவரப் பலகையையும் வைத்துவிடும்படி தங்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். இந்த மடலின் ஒரு நகலைச் சந்தைப் பெண்களின் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கி, திங்கட்கிழமை செயல் அலுவலரிடம் நேரில் கொடுக்கிறேன். பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகைச் சீட்டு கொடுங்கள்.

இப்படிக்கு,
சந்தைப்பேட்டைப் பின் தெருவில் குடியிருக்கும் தையல்காரி