ஜெட் விஷயத்தில் நீ சொன்னதுதான் நடந்தது

மாப்ளே,

நாலு மாதமாக உன் போனை எடுக்காததற்குக் காரணம் கோபம் இல்லை, வெட்கம். வீட்டில் எல்லாரும் சௌக்கியம், சின்னவள் பள்ளிக்கூடம் போகிறாள், அவ்வளவுதான். இனி நம் ராலி ஜீப், அந்த ஜிப்ஸியின் கதை.

"மெயின் ஜெட்டைப் பெரிசாக்காதே, மலையில் மூச்சு முட்டும்" என்று கரி ரேஸ் டிராக் வாசலில் நீ சொன்னபோது நானும் என் பக்கத்து சீட்டுக்காரன் கண்ணாடியும் சிரித்தோமே. ஜெட்டின் துளை பெரிசானால் கார்புரேட்டர் வழியாகப் பெட்ரோல் அதிகம் போகும், வண்டி சீறும் என்பது எங்கள் கணக்கு. கோயம்புத்தூரின் 400 மீட்டர் உயரத்தில் வண்டி சீறத்தான் செய்தது. ரெய்ட் டி ஹிமாலயா மலை ராலியில் பாரலாச்சா லா கணவாய் ஏறும்போது, கிட்டத்தட்ட 4,900 மீட்டரில், பின்னால் ஒரே கறுப்புப் புகை. அங்கே காற்றழுத்தம் பாதியை விடக் கொஞ்சம்தான் அதிகம், பெட்ரோலோ நம் ஊர்க் கணக்கிலேயே கொட்டுகிறது, அப்புறம் எப்படி எரியும்? கட்டா லூப்ஸின் 21 கொண்டை ஊசி வளைவையும் முதல் கியரிலேயே முக்கி முக்கி ஏறினோம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் அரிக்கேன் விளக்குச் சிம்னி மாதிரி கரி, அதுவும் ஈரக் கரி. காற்றுக்குத் தக்கபடி பெட்ரோலைத் தானே குறைத்துக்கொள்ளும் இன்ஜெக்ஷன் வண்டிக்காரன்கள் கையாட்டிக்கொண்டே போனான்கள்.

சின்ன ஜெட் கையில் இருந்தது, அந்த அளவுக்கு எனக்கும் மூளை உண்டு. ஆனால் விரல் மரத்துப்போய், சட்டைப் பொத்தான் அளவுகூட இல்லாத அந்தப் பித்தளைத் துண்டு சரளையில் விழுந்துவிட்டது. இருபது நிமிடம் முட்டிபோட்டுத் தேடினோம். கண்ணாடி தன் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத் தேடினான், கடைசியில் அவன் முட்டிக்கு அடியிலேயே கிடந்தது!

சரி, சிரித்தாயிற்று. இனிமேல் வருவதை வீட்டில் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

பின்சக்கரங்களுக்கு இரண்டாவது ஷாக் அப்சார்பர் போட்டோமே, அந்த பிராக்கெட்டை வெல்டிங் வைத்தது நான்தான், வேறு யார் மேலும் பழி போட முடியாது. என் வெல்டிங் அப்படியே நின்றது, அதை ஒட்டி சேஸிஸ் தகடுதான் கிழிந்துவிட்டது. மோரே சமவெளியின் புழுதியில் எப்போது கிழிந்ததோ தெரியாது. தொங்கின ஷாக் ஆடி ஆடி பின் பிரேக் பைப்பை உரசி ஓட்டை போட்டிருக்கிறது. டாக்லாங் லா, 5,328 மீட்டர், அதில் இறங்கும்போது மிதித்தால் பெடல் பாதிக்கு மேல் உள்ளே போகிறது. முன் பிரேக் மட்டும் பிடித்தது. கியரைக் குறைத்து வண்டியை மலைப்பக்கம் உரசவிட்டு நிறுத்தினேன். என் பக்கம் மலை, கண்ணாடி பக்கம் பள்ளம். பிரேக் ஆயில் ஒழுகாமல் இருக்க பைப்பை மடக்கி நசுக்கிவிட்டு லே வரைக்கும் ஊர்ந்தோம். போட்டி அதோடு முடிந்தது. அவ்வளவு தூரமும் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை, இப்போதும் சரியாகப் பேசுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வா. சேஸிஸை நீ ஒரு தடவை பார்த்துச் சொல்லாமல் அந்த வண்டியைத் தொடப்போவதில்லை. வரும்போது அவனையும் கூட்டி வா, நான் கூப்பிட்டால் வரமாட்டான்.