வேலிக்கும் எல்லைக்கும் நடுவில்

அன்பு மகளுக்கு,

நீ வாங்க நினைக்கும் பழைய கிராமத்து வீட்டின் படங்களைப் பார்த்தேன். வயதுக்கு வீடு நன்றாகவே நிற்கிறது. கூரை ஒழுகல், அரித்துப்போன கதவுச் சட்டம் எல்லாம் பணத்தால் சரியாகிற காரியங்கள். கடைசி வரியில், "விற்கிறவரே நாலு பக்கமும் கூட்டிப்போய் வேலியைக் காட்டிவிட்டார், தனியாக அளக்கத்தான் வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறாயே, அதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். வேண்டும். அதுவும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே.

கிராமத்து வேலியை மாடு வெளியே போகாமலிருக்கப் போடுவார்கள், ஆடு உள்ளே வராமலிருக்கப் போடுவார்கள். எல்லையைப் பார்த்துப் போட்டது என்று நம்ப முடியாது. பாறை குறுக்கிட்டால் சுற்றிக்கொண்டு போகும். பெரிய மரம் இருந்தால் கம்பத்துக்குப் பதிலாகக் கம்பியை மரத்திலேயே அடித்துவிடுவார்கள். சேறாக இருந்தால் கோடு மேட்டுக்கு ஏறிவிடும். போட்டவருக்கு அது தெரியும், பக்கத்துக்காரருக்கும் தெரியும். அவர்கள் இருவரும் போன பிறகு வருகிறவர்களுக்குத் தெரியாது. அதற்காக வேலியை அலட்சியம் செய்துவிடவும் முடியாது. நீண்ட காலம் யாரும் மறுக்காமல் அனுபவித்து வந்த கோட்டுக்குப் பல நாட்டுச் சட்டங்கள் உரிமை கொடுக்கின்றன. எத்தனை ஆண்டு என்பது மட்டும் இடத்துக்கு இடம் மாறும். ஆகவே வரைபடத்தில் உனக்கு இரண்டு கோடுகள் வேண்டும். ஒன்று பத்திரம் சொல்லும் கோடு, இன்னொன்று வேலி நிற்கும் கோடு. இரண்டுக்கும் இடைவெளி எவ்வளவு என்று ஒவ்வொரு மூலையிலும் எண்ணில் எழுதியிருக்க வேண்டும்.

"ஏற்கெனவே ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனார்" என்று விற்பவர் சொன்னால், யார் வந்தார், எதைப் பார்த்தார் என்று கேள். வீட்டைச் சோதிக்கிறவர் சுவர், கூரை, கரையான், மின்கம்பி இவற்றைப் பார்ப்பார். கடன் கொடுக்கிறவர் அனுப்பும் ஆள் வீடு இருக்கிறதா, மதிப்பு தேறுமா என்று பார்த்து, தோராயமாக ஒரு படம் போட்டுக்கொண்டு போவார். எல்லை அளவை என்பது வேறு. உரிமம் பெற்ற நில அளவர் பத்திரங்களைப் படித்து, தரையில் கற்களைத் தேடி, மூலைகளை நிறுவி, தன் கையெழுத்துக்குப் பொறுப்பேற்றுத் தரும் வரைபடம் அது. எல்லாவற்றையும் 'சர்வே' என்ற ஒரே சொல்லால் சொல்வதால்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

முதலில் காகிதம். இப்போதைய பத்திரம் மட்டும் போதாது, அதற்கு முந்தைய தாய்ப்பத்திரங்களையும் வாங்கு. சொத்து விவரம் எழுதும்போது ஒருவர் செய்த எழுத்துப் பிழை அடுத்தடுத்த பத்திரங்களில் அப்படியே நகலாகி வரும். எந்த ஆண்டில் எண் மாறியது என்று பின்னோக்கிப் படித்தால் பிடிபட்டுவிடும். பெரிய நிலத்திலிருந்து பிரித்து விற்ற துண்டா என்றும் பார். அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரித்தவை பல இடங்களில் காகிதத்தில் மட்டுமே பிரிந்திருக்கும், தரையில் ஒரு கல்கூட ஊன்றியிருக்க மாட்டார்கள். முடிந்தால் சுற்றிலும் இருப்பவர்களின் பத்திர நகலையும் எடுத்துவிடு. உன் பத்திரத்தில் கிழக்கு எல்லை 210 அடி என்றும், அதே கோட்டைப் பக்கத்துக்காரர் பத்திரம் 198 அடி என்றும் சொன்னால், அந்த 12 அடி எங்கே போனது என்பதற்கு அளவர் விடை சொல்ல வேண்டும்.

'ஏறத்தாழ', 'கூடக்குறைய' என்ற சொற்கள் கண்ணில் பட்டால் கொஞ்சம் நிறுத்திப் படி. அவை பரப்பளவு குறைந்தால் விற்பவரைக் காப்பாற்றுவதற்கு வைத்த சொற்கள். இன்னொன்றும் தெரிந்துகொள். பத்திரத்துக்குள்ளேயே ஒன்றுக்கொன்று முரண் வந்தால், தரையில் நிற்கும் ஓடை, பாறை, எல்லைக்கல் போன்றவற்றுக்குத்தான் பல நாட்டு நீதிமன்றங்கள் முதலிடம் தருகின்றன. திசையும் நீளமும் பிறகு. பரப்பளவு பெரும்பாலும் கடைசி. நீ பணம் கொடுப்பதோ பரப்பளவுக்கு! இந்தக் கோணல் புரிந்தால்தான் அளவையின் அருமை புரியும்.

பழைய அளவுகள் ஏன் பொருந்துவதில்லை என்றால், அளந்தவர் நேர்மையில்லாதவர் என்று அர்த்தமில்லை. 1620 வாக்கில் எட்மண்ட் குண்டர் வடிவமைத்த 66 அடிச் சங்கிலிதான் நெடுங்காலம் உலகின் பல பகுதிகளில் நிலத்தை அளந்தது. அதில் 100 கண்ணி. 10 சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர், அதாவது 43,560 சதுர அடி. கண்ணிகளைக் கோக்கும் வளையங்கள் இழுபட்டுத் தேயும்போது சங்கிலி நீண்டுவிடும். 3 அங்குலம் நீண்ட சங்கிலியால் அளந்து '10 சங்கிலி' என்று எழுதிய கோடு தரையில் 660 அடி இருக்காது, 662 அரை அடி இருக்கும். அடுத்த நிலத்தைப் புதுச் சங்கிலியால் அளந்திருந்தால் அந்த இரண்டரை அடிக்கு இரண்டு பேரும் சண்டை போடுவார்கள்.

திசையில் வரும் தவறு இதைவிடப் பெரியது. காந்த ஊசி காட்டும் வடக்கு நிலையானதல்ல, ஆண்டுக்கு ஆண்டு நகரும். நூறாண்டில் பல இடங்களில் சில பாகை மாறியிருக்கிறது. ஒரு பாகை பிசகினால் 300 அடி தூரத்தில் கோடு 5 அடிக்கு மேல் தள்ளிப் போய்விடும். எந்த ஆண்டு ஊசி வைத்துப் பார்த்த திசை என்று தெரிந்து திருத்துவது அளவர் வேலை. சரிவு வேறு இருக்கிறது. நில அளவு எப்போதும் கிடைமட்ட அளவு. 10 பாகைச் சரிவில் டேப்பைத் தரையோடு படியவிட்டு 100 அடி என்று படித்தால், கணக்கில் அது 98 அரை அடிதான். மேட்டு நிலத்தை விற்கிறவர் தானே டேப் பிடித்துக் காட்டினால் அளவு எப்போதும் கூடியே இருப்பதற்கு இதுதான் காரணம்.

இனி, நீயே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை. நாலு பக்கத்தையும் அளந்துவிட்டால் நிலம் தெரிந்துவிடும் என்று பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். தெரியாது. 100, 80, 100, 80 அடி என்று பக்கங்கள் இருக்கட்டும். மூலைகள் சரியான செங்கோணமாக இருந்தால் 8,000 சதுர அடி. அதே பக்கங்களோடு நிலம் சாய்ந்து ஒரு மூலை 70 பாகையாக இருந்தால் ஏறத்தாழ 7,518 சதுர அடிதான். பக்க அளவுகள் ஒன்றும் மாறவில்லை, 482 சதுர அடி காணாமல் போய்விட்டது. எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கிப் பெருக்கும் பழைய வழக்கம் இருக்கிறதே, அது செவ்வகத்துக்கு மட்டும் சரியாக வரும். மற்ற எந்த நாற்கரத்துக்கும் கூடுதலாகத்தான் காட்டும், ஒருபோதும் குறைத்துக் காட்டாது. அதனால் அந்தக் கணக்கில் வாங்குகிறவருக்கு லாபம் வர வழியே இல்லை. மாற்று சுலபம். ஒரு ஆளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு கோடும் அளந்து பார். செங்கோணமாக இருந்தால் இரண்டும் 128 அடியாக ஒத்து வரும். 148, 104 அரை என்று வந்தால் நிலம் சாய்ந்திருக்கிறது. வீடு நடுவில் மறைத்தால் குறுக்கு அளவு எடுக்க முடியாது. அதை அளவரிடம் விட்டுவிடு. இது உன் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளத்தான், அளவரை அழைக்காமல் விடுவதற்கு அல்ல.

கைபேசி வரைபடத்தில் எல்லைக் கோடு தெரிகிறது என்று எழுதியிருந்தாய். திறந்த வானத்தின் கீழ்க்கூட கைபேசி ஜிபிஎஸ் ஏறக்குறைய 5 மீட்டர் தள்ளிக் காட்டலாம், மரத்தடியில் அதைவிட மோசம். வரைபடத்துக் கோடுகளும் பதிவேட்டுக்கு அடையாளமாகப் போட்டவை, கல் ஊன்ற அல்ல. அளவர் கொண்டுவரும் ஜிபிஎஸ் வேறு வகை, ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்குள் சொல்லும். தோப்புக்குள் அதுவும் தடுமாறும் என்பதால் அங்கே டோட்டல் ஸ்டேஷன், அதாவது முக்காலியில் நின்று கோணத்தையும் தூரத்தையும் அளக்கும் கருவி, வைப்பார்கள். உன் படத்தில் பின்பக்கம் முழுக்க மரம். அந்தப் பக்கத்தை எந்தக் கருவியால் அளப்பார் என்று முதலிலேயே கேட்டுவிடு.

அளவரிடம் பேசும்போது "நிலத்தை அளந்து கொடுங்கள்" என்று மட்டும் சொன்னால், அவர் எவ்வளவு செய்வது என்பதை அவரே முடிவு செய்துகொள்வார். எழுத்தில் கேள். ஒவ்வொரு மூலையிலும் நிலையான அடையாளம் ஊன்ற வேண்டும். நீளமான கோடுகளில் நடுநடுவேயும் குறி வேண்டும். வீடு, கொட்டகை, கிணறு, செப்டிக் டேங்க், வேலி, பாதை, மின்கம்பம் ஒவ்வொன்றும் எல்லைக் கோட்டிலிருந்து எத்தனை அடியில் இருக்கிறது என்று வரைபடத்தில் எழுத வேண்டும். எந்தெந்தப் பத்திரங்களைப் பார்த்தார், எந்தக் கற்களை இருந்தபடி கண்டார், எவற்றைத் தானே புதிதாக ஊன்றினார் என்பதும் அதில் இருக்க வேண்டும். கண்ட கல்லும் ஊன்றிய கல்லும் ஒன்றல்ல, கண்ணு. பிறகு வழக்கு வந்தால் அந்த வித்தியாசம்தான் பேசும். மரக்குச்சி அடித்துவிட்டுப் போனால் ஒப்புக்கொள்ளாதே. ஒரு மழைக்காலம் தாங்காது.

அளக்கும் நாளில் கூடவே நில். பக்கத்துக்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வரச்சொல். பழைய கல் எங்கே இருந்தது என்று வயதானவர்கள் கையைக் காட்டுவார்கள். அதை நம்பிக் கோடு போட முடியாது, ஆனால் தோண்ட வேண்டிய இடம் தெரிந்துவிடும். இரும்புக் கம்பி புதைத்திருந்தால் காந்தக் கருவி கண்டுபிடித்துவிடும். கல்லுக்கு அந்த வசதி இல்லை, கடப்பாரையால் குத்தித்தான் தேட வேண்டும். ஒவ்வொரு மூலைக்கும் அருகில் நகராத மூன்று பொருள்களை, அதாவது வீட்டு மூலை, பாறை, கிணற்றுச் சுவர் போன்றவற்றைத் தேர்ந்து, அவற்றிலிருந்து மூலைக்கல் வரை அளந்து எழுதிவைத்துக்கொள். நாளைக்கு யாராவது கல்லைப் பிடுங்கினாலும் மூன்று டேப்பும் சந்திக்கிற இடத்தில் மறுபடி ஊன்றிவிடலாம்.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது அந்தப் பாதை. படத்தில் சாலையிலிருந்து வீட்டுக்கு வண்டித் தடம் ஒன்று போகிறது. அது யார் நிலத்தில் போகிறது? பல பழைய வீடுகள் பக்கத்துக்காரரின் நல்ல மனசால் மட்டுமே வழி பெற்றிருக்கும். அவர் விற்றுவிட்டால் புது உரிமையாளர் கதவு போட்டுப் பூட்டுவார். வழியுரிமை பத்திரத்தில் எழுதியிருக்கிறதா, எத்தனை அடி அகலம், வண்டிக்கா நடைக்கு மட்டுமா என்று பார். நிலம் சாலையைத் தொடுவதுபோல் தெரிந்தாலும், சாலையை மாற்றிப் போட்டதில் நடுவே ஒரு ஒற்றைப் பட்டை நிலம் வேறொருவர் பேரில் நின்றிருக்கலாம். உன் நிலத்தின் குறுக்கே மற்றவர்களுக்கு வழியோ, வாய்க்காலோ, குழாயோ இருக்கிறதா என்பதும் இதோடு சேர்த்தி. தேய்ந்த ஒற்றையடித் தடம் கண்ணில் பட்டால் அளவரிடம் காட்டி வரைபடத்தில் ஏற்றச்சொல்.

செப்டிக் டேங்கைவிட அதன் கழிவுநீர் ஊறும் குழாய்கள்தான் பெரும்பாலும் எல்லை தாண்டியிருக்கும், மண்ணுக்குள் இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை. கிணற்றுக்கும் அதற்கும் எவ்வளவு தூரம் என்பதையும் அதே நாளில் அளந்துவிடு. 100 அடியாவது வேண்டும் என்று விதி வைத்த இடங்கள் உண்டு. உன் ஊர் விதி என்ன என்று கேள். சுவர் உள்ளே இருந்தும் கூரை விளிம்பு கோட்டைத் தாண்டி, மழைநீர் அடுத்தவர் நிலத்தில் கொட்டினால் அதுவும் ஆக்கிரமிப்புதான். ஓடை எல்லையாக இருந்தால் நடு ஓடையா, கரையா என்று பத்திரத்தில் பார். ஓடை கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தால் எல்லையும் கூடவே நகரும், ஒரே வெள்ளத்தில் தடம் மாறினால் எல்லை பழைய இடத்திலேயே நிற்கும் என்பது பல சட்டங்களில் உள்ள வழக்கம்.

பிசகு தெரியவந்தால் பயப்படாதே. வாங்கும் முன் தெரிந்த பிசகு விற்பவருடைய தலைவலி. பத்திரத்தைத் திருத்தித் தரச்சொல்லலாம், பக்கத்துக்காரரோடு எல்லை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யச்சொல்லலாம், குறைந்த பரப்புக்கு விலையைக் குறைக்கச்சொல்லலாம். பாதை உரிமை மட்டும் கிடைக்கவில்லை என்றால் விட்டுவிட்டு வா, வேறு வீடு பார்க்கலாம். ஒப்பந்தத்தில் மூன்று விஷயம் எழுதச்சொல்: அளவை முடிந்து நீ ஏற்றுக்கொண்ட பிறகே கிரயம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் பரப்பு குறைந்தால் விலை மாறும் அல்லது அட்வான்ஸ் முழுதும் திரும்ப வரும், புதுப் பத்திரத்தில் சொத்து விவரம் புது வரைபடத்தின்படி எழுதப்படும். மூன்றாவதை மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். அளந்து முடித்துவிட்டு, பழைய விவரத்தையே நகலெடுத்துப் பதிவு செய்தால் அளந்த காசு வீண்.

விற்பவரிடம் பழைய வரைபடம் ஏதாவது இருந்தால் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் படமெடுத்து அனுப்பு. ஓரத்தில் இருக்கும் அளவுக்கோடும் வடக்கு அம்பும் படத்தில் விழ வேண்டும். நகலெடுத்ததில் காகிதம் சுருங்கியிருக்கும், ஆகவே அதன்மேல் ஸ்கேல் வைத்து அளந்து பார்க்காதே. எழுதியிருக்கும் எண்கள் தெளிவாகத் தெரிந்தால் போதும், நான் கூட்டிப் பார்த்துச் சொல்கிறேன்.

அம்மா