மருமக மேல பழி போடாதய்யா

அன்புள்ள தம்பிக்கு அம்மா எழுதுறது.

நேத்து நீ போன்ல பேசுனதுல இருந்து மனசே சரியில்ல. பாப்பா 14 வயசுல இம்புட்டு வெயிட் போட்டுட்டான்னா அவ அம்மா தாய்ப்பால் ஒழுங்கா குடுக்காததுதான் காரணம்னு சொன்னியே, அதுவும் அந்தப்புள்ள பக்கத்துல இருக்கும்போதே, அது ஞாயமில்லய்யா. ஆபரேஷன் பண்ணி எடுத்த பிள்ள, பால் ஊறவே நாலஞ்சு நாளாச்சு, அப்ப சட்டப்படியே 12 வாரந்தான் லீவு, 2017-லதான் அத 26 வாரம் ஆக்குனாக. வேலைக்கு கெளம்புனவ பாட்டில்பால் குடுக்காம வேற என்ன செய்வா?

நான் தாய்ப்பால் வேணாம்னு சொல்ற ஆளா? உசிலம்பட்டி பக்கம் நர்சா இருந்த காலம் பூராவும் வீடு வீடா போயி பொறந்த பிள்ள நாக்குல சேனை வைக்காதீக, சீம்பால பீச்சி ஊத்தாதீக, ஆறு மாசத்துக்கு தண்ணி கூட வேணாம்னு தொண்டத்தண்ணி வத்த சொன்னவ. இப்பவும் அதத்தான் சொல்லுவேன். பாட்டில்ல என்ன சிக்கல்னா, தாய்கிட்ட குடிக்கிற பிள்ள வயிறு நெறஞ்சா தானா வாய எடுத்துரும், பாட்டில்ல கொஞ்சம் மிச்சம் கெடந்தா வீணாப் போகுதேன்னு நம்ம விடமாட்டோம். கருமாத்தூர்ல ஒரு வீட்ல பாத்திருக்கேன், பிள்ள மொகத்த அங்கிட்டும் இங்கிட்டும் திருப்புது, நாக்கால ரப்பர தள்ளுது, பாட்டி தாடைய பிடிச்சு உள்ள விடுறாக. போதும்னு அது சொல்றத நம்மதான் கேக்க மாட்டேங்குறோம். அப்பிடி மொத வருசத்துல விறுவிறுன்னு எடை ஏறுற பிள்ளைகளுக்கு பின்னாடி குண்டாகுற வாய்ப்பு கூடுதல்தான், அத நான் மறுக்கல.

ஆனா அது மட்டுமே காரணம்னா நம்ம குடும்பத்த என்ன சொல்றது? ஒங்கப்பாவ பாரு, ஒங்க பெரியத்தைய பாரு, கண்ணாடியில ஒன்னையும் பாத்துக்க. எல்லாருமே தாய்ப்பால்ல வளந்தவகதான? டென்மார்க்ல தத்து போன 540 பேர பெரியவங்களானப்பறம் பாத்து 1986-ல எழுதுனாக, அவங்க ஒடம்புவாகு வளத்தவங்க மாதிரி இல்ல, பெத்தவங்க மாதிரிதான் இருந்துச்சு. 2007-ல எஃப்டிஓன்னு ஒரு மரபணுவ கண்டுபிடிச்சாக, அதுல எடை கூட்டுற வகை அப்பா வழியாவும் அம்மா வழியாவும் ரெண்டும் வந்தவங்க, ஒண்ணுமே வராதவங்கள விட சராசரியா 3 கிலோ கூட இருந்தாக. அது வெள்ளக்காரங்ககிட்ட பாத்த கணக்கு. அந்த வகை இருக்கவங்களுக்கு சாப்ட்டாலும் வயிறு நெறஞ்ச மாதிரி சட்டுனு தோணாது, பசி கூட இருக்கும், அத தீனிப்பண்டாரம்னு திட்டி என்ன பிரயோஜனம். அந்த மாதிரி ஏதாச்சும் பாப்பாவுக்கு வந்திருந்தா நம்ம பக்கமிருந்தும் வந்திருக்கும்ல.

தாய்ப்பால் இத தடுக்குமான்னு கேப்ப. இங்கிலாந்துல பிரிஸ்டல் பக்கம் ஐயாயிரத்துக்கும் மேல பிள்ளைகள 18 வயசு வரைக்கும் பாத்துருக்காக, மரபணுவுல குண்டாகுற வாகு உள்ள பிள்ளைகள்ல அஞ்சு மாசம் வெறும் தாய்ப்பால் மட்டும் குடிச்சதுகளுக்கு எடை ஏறுறது கொறைவா இருந்துச்சு. ஆனா பெலாரஸ்ல 31 ஆஸ்பத்திரியில 17,000 பிள்ளைகள வச்சு, பாதி எடத்துல தாய்மாருக்கு நல்லா சொல்லிக் குடுத்து கூடுதல் நாள் பால் குடுக்க வச்சாக, பதினொன்றரை வயசுல பாத்தா குண்டாகுறதுல கொறைவு ஒண்ணும் தெரியல. தாய்ப்பால் குடுத்தா வயித்துப்போக்கு கொறையும், நோய் எதிர்ப்பு வரும், அதுல சந்தேகமே கெடையாது. ஆனா 14 வயசுப் புள்ளையோட எடைக்கு 14 வருசத்துக்கு முந்துன பால்பாட்டில சாட்சிக்கு கூப்பிடாத.

இப்ப பாக்க வேண்டியது வேற. சித்திரைத் திருவிழாவுக்கு வந்தப்ப பாப்பா குளிக்கையில பீர்க்கங்கூடு வச்சு கழுத்த தேய் தேய்னு தேய்ச்சு செவந்து போயி வந்து நின்னா, அழுக்கு போகவே மாட்டேங்குது அப்பத்தான்னு. அது அழுக்கில்ல தம்பி. பின்னங்கழுத்து வெல்வெட்டு துணி மாதிரி கருத்து தடிச்சிருந்தா இன்சுலின் சரியா வேலை செய்யலன்னு அர்த்தமா இருக்கலாம், அக்குள்லயும் வரும். நம்ம ஊர்ல அத அழுக்குன்னு நெனச்சு சோப்பு, கடலமாவுன்னு போட்டு தேய்க்குறாக. நம்ம வீட்டுல சக்கர நோய் வேற இருக்கு. அதனால ஒரு நல்ல குழந்தைங்க டாக்டர்கிட்ட காட்டி சுகர், தைராய்டு பாரு, மாசா மாசம் சரியா ஆகுதான்னும் அவ அம்மாவ விட்டு கேக்கச் சொல்லு.

பட்டினி போட்ராத, வளர்ற புள்ள. ஸ்கூல் விட்டு வந்ததும் பாக்கெட் ஜூஸ், பிஸ்கட்டுக்கு பதிலா சுண்டல், கொய்யா, முட்ட வச்சுக் குடு, ராத்திரி பரோட்டா வாங்கிட்டு வர்றத நிறுத்து, வாங்குறது நீதான். டியூஷன்ல ஒண்ண கொறச்சு சாயங்காலம் வெளையாட விடு. பெரியவங்ககிட்ட பாத்ததுல ஒடம்ப அசைச்சு வேலை செய்றவங்களுக்கு அந்த எஃப்டிஓவோட வேலையே கொறையுதுன்னு தெரிஞ்சிருக்கு. கல்யாணம் காதுகுத்துல யாராச்சும் குண்டுப்பொண்ணுன்னா அந்த எடத்துலயே வாய அடைக்கணும், அதுக்கு அப்பன் நீதான் நிக்கணும்.

சனிக்கிழம காலையில டாக்டர்கிட்ட போயிட்டு வந்து ரிசல்ட்ட எனக்கு அனுப்பு. மூணு பேரும் சேந்து போங்க. இன்னைக்கு ராத்திரி மருமககிட்ட போன குடு, நான் பேசணும், அதுக்கு முன்னாடி நீ அவகிட்ட பேசிரு.

அம்மா